சிரிப்பு வராத காமெடி சீனைச் சரிசெய்வது எப்படி: சீன் பேப்பரிலிருந்து கடைசி கட் வரை

எழுதும்போது அறையில் இருந்த எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த சீன். எடுத்து, எடிட் செய்து, போட்டுக் காட்டினால் ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார். குறும்படங்களை எடிட் செய்துகொண்டிருப்பதால் இந்தச் சங்கடத்தை நான் நிறையத் தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்போது புதியவர்கள் முதலில் கைவைப்பது வசனத்தில்தான். இன்னும் நாலு கவுன்டர் சேர்ப்பார்கள், டப்பிங்கில் புதிதாக ஒரு பஞ்ச் ஏற்றுவார்கள். சீன் இன்னும் சோர்ந்துபோகும்.

என் அனுபவத்தில் கோளாறு அந்த வரியில் இருப்பது அபூர்வம். வரி வருவதற்கு முன்னால் பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருந்தது, வரியைக் கேட்டவர் முகத்தில் என்ன நடந்தது, இந்த இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் பிழை கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வசனம் 7-ஆவது படியில்தான் வருகிறது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். முன் படிகள் சரியாகாமல் வசனத்தைத் திருத்தினால் அந்த வேலை முழுக்க வீண்.

விளக்குவதற்கு நான் எடிட் செய்த ஒரே ஒரு சீனைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் 'சைவம் மட்டும்' என்ற கண்டிஷனோடு வாடகைக்கு விட்ட வீடு. இரண்டு பேச்சிலர் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டுகிறார். முதல் எடிட்டில் இது 4 நிமிடம் 30 விநாடி. 11 ஜோக் இருந்தது. சிரிப்பு ஒன்றுகூட வரவில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ரஷ் முழுவதும், அதாவது ஷூட்டிங்கில் எடுத்த வெட்டாத காட்சிப்பதிவு எல்லாம். ஓகே ஆன டேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முந்தைய துண்டும் 'கட்' சொன்ன பிறகு ஓடிய துண்டும் வேண்டும். நடிகர்களின் மிக நல்ல முகம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இன்னும் ஷூட்டிங் போகவில்லை என்றால், கடைசி வசனம் முடிந்த பிறகு 5 விநாடி பொறுத்து 'கட்' சொல்லும்படி டைரக்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, ரூம் டோன். ஷூட் செய்த அதே அறையில் யாரும் பேசாமல் 30 விநாடி ஒலிப்பதிவு. காமெடியில் மௌனம் நிறைய வரும். அந்த மௌனத்துக்கு அடியில் அறையின் ஒலி இல்லாவிட்டால் ஸ்பீக்கர் நின்றுபோனது போல இருக்கும். பார்ப்பவர் கவனம் அங்கே சிதறும்.

மூன்றாவது, சீன் பேப்பரின் (காட்சியும் வசனமும் எழுதிய தாளின்) அச்சுப் பிரதி ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று.

நான்காவது, படத்தோடு சம்பந்தமே இல்லாத 12 பேர். ஒரு ஆள் ஒரு சீனை முதல் தடவையாக ஒருமுறைதான் பார்க்க முடியும். எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டால், திருத்திய பிறகு காட்ட ஆள் இருக்காது. 6 பேராக இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இசையையும் எஃபெக்டையும் கழற்றுங்கள்

'டொய்ங்' சத்தம், புல்லாங்குழல் பிட், ஸ்லோ மோஷன், திரையில் பறக்கும் எழுத்து, எல்லாவற்றையும் டைம்லைனில் (எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஷாட்டும் ஒலியும் வரிசையாக அடுக்கியிருக்கும் இடம்) அணைத்துவிடுங்கள். இவை 'இங்கே சிரி' என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குரல் இருக்கும்வரை எந்த இடம் செத்துக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்து, வசனத்தையும் அணைத்து ஒரு தடவை ஊமையாக ஓடவிடுங்கள். யார் மாட்டிக்கொண்டிருக்கிறார், யாரிடம் எதை மறைக்கிறார் என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடிகிறதா? எங்கள் சீனை அப்படிப் பார்த்தபோது மூன்று பேர் ஹாலில் உட்கார்ந்து நலம் விசாரிப்பது போல இருந்தது. பயந்துபோயிருக்க வேண்டிய பையன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆபத்து வசனத்தில் மட்டுமே இருந்தது.

2. பார்ப்பவருக்கு எது, எப்போது தெரிகிறது என்று குறியுங்கள்

இந்தப் படியில் ஒரு முழு நாள் செலவழித்தாலும் தப்பில்லை. சீனை மீட்கும் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

சீன் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விவரமும் பார்ப்பவருக்கு முதன்முதலில் தெரியவரும் இடத்தில் சிவப்பால் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஜோக்குக்கும் எந்த விவரம் தெரிந்திருக்க வேண்டுமோ அதை, அந்த ஜோக்குக்குப் பக்கத்தில் நீலத்தால் எழுதுங்கள். நீலம் முன்னாலும் அதற்கான சிவப்பு பின்னாலும் வந்தால் அந்த ஜோக் செத்தது. எவ்வளவு நன்றாக நடித்தாலும் பிழைக்காது.

எங்கள் சீனில் 'சைவம் மட்டும்' என்ற கண்டிஷனை ஓனர் வாயால் 2 நிமிடம் 10 விநாடியில்தான் சொன்னார். அதுவரை கருவாடு என்பது வெறும் சாப்பாடு. அதற்கு முன்னால் இருந்த 6 ஜோக்குகள் ஏன் விழவில்லை என்று அந்த ஒரு சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்தது. எழுதியவர்களுக்குக் கண்டிஷன் முதல் நாளிலிருந்தே தெரியும், அதனால் டிஸ்கஷனில் எல்லாரும் சிரித்தார்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: தனக்குத் தெரிந்தது பார்ப்பவருக்கும் தெரியும் என்று எண்ணிவிடுவது.

திருத்தம் 15 விநாடிதான். தொடக்கத்தில் வாடகை அக்ரிமென்ட். ஓனர் விரல் ஒரு வரியின்மேல் வந்து நிற்கிறது. பையன்கள் இருவரும் பவ்யமாகத் தலையாட்டுகிறார்கள். 10 மாத அட்வான்ஸ் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. அடுத்த ஷாட்டில் சட்டியில் கருவாடு விழுகிறது. இந்தக் கட்டிலேயே முதல் சிரிப்பு வந்தது. வசனமே இல்லை.

தமிழ் சினிமாவில் இதற்குத் தெளிவான பாடம் 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழக் காட்சி. கவுண்டமணி செந்திலிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னது இரண்டு பழம், செந்தில் கொண்டுவந்து கொடுத்தது ஒன்று. இந்தக் கணக்கு குழந்தைக்கும் புரியும்படி முதலிலேயே வைக்கப்படுகிறது. அதற்குப் பிறகு நடக்கும் சண்டை முழுவதும் அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. 1981-இல் வந்த 'தில்லு முல்லு'வில் மீசை வைத்தவரும் மீசை இல்லாதவரும் ஒரே ரஜினிகாந்த்தான் என்று நமக்குத் தெரியும், தேங்காய் சீனிவாசனுக்குத் தெரியாது. அவர் ஏமாற ஏமாற நமக்குச் சிரிப்பு ஏறுகிறது. அந்த ரகசியத்தைக் கடைசியில் ஒரு திருப்பமாக வைத்திருந்தால் ஒரே ஒரு நொடி ஆச்சரியம்தான் கிடைத்திருக்கும். முன்னாலேயே நம்மிடம் சொல்லிவிட்டதால் ஒரு முழுப் படத்துக்கான சிரிப்பு கிடைத்தது.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் காட்டிவிட்ட பிறகு அதையே வசனத்திலும் சொல்வது. எங்கள் பையன் ஒருவன், "டேய், ஓனருக்குத் தெரிஞ்சா நம்மள வெளிய அனுப்பிடுவாருடா" என்றான். அக்ரிமென்ட் ஷாட் வந்த பிறகு அந்த வரி தேவையில்லை. தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் பார்ப்பவர் சீனைவிட முன்னால் போய்விடுவார். அங்கே நின்று காத்திருந்து சலித்துவிடுவார்.

3. ஒவ்வொருவரும் எதற்காக அந்த அறையில் இருக்கிறார்கள்?

முதல் வடிவத்தில் ஓனர் 'செக் பண்ண' வந்தார். சோதனைக்கு வந்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கண்டுபிடிப்பது. அதனால் சீனும் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அவருக்கு ஒரு சொந்தத் தேவை கொடுத்தோம். அவர் வீட்டில் கேபிள் போய்விட்டது, கிரிக்கெட்டில் கடைசி 5 ஓவர். அதைப் பார்க்க வந்திருக்கிறார். பையன்களுக்கு அவர் உடனே கிளம்ப வேண்டும், அவருக்கோ மேட்ச் முடியும்வரை அசைய மனமில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலிருந்தும் சீனைச் சோகக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். 'அட்வான்ஸ் போய்விடும், தெருவில் நிற்கணும்' என்பது பையனின் கதை. 'வயசான காலத்தில் நிம்மதியாக ஒரு மேட்ச் பார்க்க முடியவில்லை' என்பது ஓனரின் கதை. யாராவது ஒருவருக்கு அப்படி ஒரு கதை சொல்ல முடியவில்லை என்றால் அவர் ஜோக்கைத் தூக்கிவர மட்டும் வந்திருக்கிறார் என்று பொருள்.

நடிகர்களிடமும் இதையே சொல்லுங்கள். தான் காமெடியில் நடிக்கிறோம் என்று பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. கண்ணை உருட்டி, குரலை மாற்றிப் பேச ஆரம்பித்த நிமிடமே ஆபத்து பொய்யாகிவிடும்.

4. 'அப்புறம்' இருக்கும் இடத்தில் 'அதனால' வைக்க முடிகிறதா?

சீனில் நடப்பவற்றைத் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதித் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். இரண்டு சீட்டுக்கு நடுவில் 'அதனால' என்று சொன்னால் பொருந்துகிறதா, 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள். பிறகு இரண்டு சீட்டுகளை இடம் மாற்றி வையுங்கள். மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால் அங்கே சங்கிலி இல்லை.

எங்கள் 11 ஜோக்குகளையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்க முடிந்தது. நாற்றத்துக்கு ஒவ்வொரு சாக்காக, சாம்பிராணி, சாக்கடை, ஷூ என்று பையன்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு சாக்கும் சொன்ன இடத்திலேயே முடிந்தது.

புது வடிவத்தில் ஒரே ஒரு பொய்தான். 'லாஃப்டில் எலி செத்துக் கிடக்கிறது சார்.' ஓனர் நல்ல மனுஷர், அதனால அவருக்கு மனம் கேட்கவில்லை, இந்த நாற்றத்தில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று எழுந்துவிட்டார். அதனால லாஃப்டில் ஏற ஸ்டூல் கேட்டார். ஸ்டூல் சமையலறையில். தப்பிக்கச் சொன்ன பொய்யே அவரைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு பொய் ஒரு கதவை மூடினால் அதைவிட மோசமான இன்னொரு கதவைத் திறக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் ஜோக் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

'திரும்பத் திரும்ப ஒரே வரி வந்தால் சிரிப்பு வரும்' என்று நம்பிப் பலர் ஒரு வரியைப் பத்து இடத்தில் ஒட்டுகிறார்கள். 2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் தலையில் அடிபட்ட விஜய் சேதுபதி ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் வரி மாறாமல் இருக்கும்போது அதைச் சுற்றியிருப்பது மாறிக்கொண்டே போகிறது. கல்யாணம் நெருங்குகிறது, நண்பர்களின் பயம் கூடுகிறது. சுற்றியிருப்பது மாறவில்லை என்றால் மூன்றாவது தடவைக்கு மேல் அதே வரியை வைக்காதீர்கள்.

துண்டுச்சீட்டுகளில் ஒருவருடைய நிறம், உடம்பு, சாதி, மனைவி பற்றிய கிண்டல் இருந்தால் அதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். எந்தப் படத்திலும் எந்த இடத்திலும் ஒட்டலாம். அதாவது இந்தச் சீனுக்கு அது சொந்தமில்லை. பார்க்க வந்தவர்களில் யாரையோ அது தலைகுனிய வைக்கவும் செய்யும். நான் முதலில் வெட்டுவது அவற்றைத்தான்.

5. கேட்பவர் முகத்துக்குப் போங்கள்

1964-இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நாகேஷ் சத்தமும் கையுமாகச் சொல்கிறார். ஆனால் அந்தக் காட்சி இத்தனை வருடம் நிற்பதற்குப் பாலையா பயந்துகொண்டே கேட்கும் முகம் பெரிய காரணம். அந்த முகத்தை எடுத்துவிட்டால் ஒருவர் தனியாக மிமிக்ரி செய்தது போல ஆகிவிடும்.

எடிட்டில் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு ஜோக் வரிக்கும் பக்கத்தில் 'இந்த வரி யாருக்கு வலிக்கிறது?' என்று எழுதுங்கள். வரியைப் பேசுபவர் முகத்தில் தொடங்கி, வலிப்பவர் முகத்தில் முடியுங்கள். வரி முடிந்த பிறகு கட் வந்தால் தாமதம். கடைசிச் சொல் காதில் விழும்போதே கேட்பவர் திரையில் இருக்க வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் பிழைகள் மூன்று. ஒரே வரிக்கு அறையில் இருக்கும் எல்லார் ரியாக்‌ஷனையும் வரிசையாக வைப்பது: ஒன்று போதும், மற்றவை அதைக் கரைத்துவிடும். திரையில் இருப்பவரே சிரிப்பது: அவர் சிரித்துவிட்டால் பார்ப்பவர் சிரிக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. மூன்றாவது, நடிகர் 'ரியாக்‌ஷன் கொடுத்த' டேக்கை எடுப்பது. எங்கள் சீனில் மிக நல்ல முகம், 'கட்' சொன்னாரா இல்லையா என்று தெரியாமல் பையன் அசையாமல் நின்ற 2 விநாடி. அதைத்தான் ஓனர் ஸ்டூல் கேட்ட இடத்தில் வைத்தோம்.

6. ஷாட் அளவு

இரண்டு விஷயங்களுக்கு நடுவில் ஜோக் இருந்தால் வைட், அதாவது எல்லாம் ஒரே ஃப்ரேமில் தெரியும் அகலமான ஷாட். ஒருவர் மனசுக்குள் இருந்தால் க்ளோஸப்.

1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் பஸ்டர் கீட்டன்மேல் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே சாய்கிறது. மாடி ஜன்னல் ஓட்டை சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் தப்பிக்கிறார். சுவர், ஜன்னல், மனிதன் மூன்றும் ஒரே ஃப்ரேமில் இருப்பதால்தான் அது நம்மை உலுக்குகிறது. எங்களிடம் சோபாவில் ஓனர், பின்னால் சமையலறை வாசல், அங்கே குழம்புச் சட்டியை மூடிய தட்டை அமுக்கிப் பிடித்தபடி ஒரு பையன் என்று ஒரு வைட் ஷாட் இருந்தது. முதல் எடிட்டில் அதை மூன்று க்ளோஸப்பாகச் சிதறடித்திருந்தோம். வைட்டையே 7 விநாடி ஓடவிட்டதும் சீன் நிமிர்ந்தது.

7. இப்போது வசனம்

இங்கே வந்து சேரும்போது பாதி வசனம் தேவையில்லாமல் போயிருக்கும். மிச்சத்தில் ஒரே ஒரு விதியைப் பாருங்கள்: சிரிக்க வைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்க வேண்டும். தமிழில் இது சுலபம், வினை இயல்பாகவே கடைசியில் வந்து உட்காரும்; மற்ற சொற்களையும் பேச்சுத்தமிழில் தாராளமாக இடம் மாற்றலாம்.

ஓனர் கேட்கிறார்: "எலி செத்து எவ்வளவு நேரமாச்சு?" பையன் பதற்றத்தில் உளற வேண்டும். முதலில் எழுதியது: "தாளிச்சு இப்பதான் அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்." 'தாளிச்சு' என்ற சொல் முதலிலேயே போய்விட்டது, சிரிக்க ஆரம்பிப்பவர் காதில் மிச்ச வரி இடிக்கிறது. மாற்றியது: "அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சார் தாளிச்சோம்." அவ்வளவுதான். 'சார்' கூட நடுவுக்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு 'சார்' வந்தால்கூட அது நுனியை மழுக்கிவிடும்.

அடுத்து, அந்த வரிக்குப் பின்னால் கதைக்குத் தேவையான தகவல் எதையும் வைக்காதீர்கள். சிரிப்பில் அது கேட்காது. ஒரு செயலை வையுங்கள்: எழுந்திருப்பது, தட்டை மூடுவது, தண்ணீர் குடிப்பது.

8. ஃப்ரேம் கணக்கு

விநாடிக்கு 24 ஃப்ரேம். 6 ஃப்ரேம் என்றால் கால் விநாடி. காமெடியில் இந்தக் கால் விநாடிதான் வேலை செய்கிறது. உளறல் வரிக்குப் பிறகு ஓனர் முகத்தை 12 ஃப்ரேமில் ஒரு வடிவம், 24-இல் ஒன்று, 40-இல் ஒன்று என்று மூன்று தனி டைம்லைனாகப் போட்டு, அடுத்த நாள் காலையில் பாருங்கள். அன்றைக்கே பார்த்தால் கண் பழகியிருக்கும், மூன்றும் ஒன்றுபோலத் தெரியும்.

எல்லாவற்றையும் வேகமாக வெட்டினால் காமெடி என்ற எண்ணம் தவறு. உண்மை ஓனர் மண்டையில் ஏறுவதற்கு நேரம் கொடுங்கள். மாட்டிக்கொண்டவரின் மௌனம் எவ்வளவு நீளம் தாங்கும் என்று முதலில் அதிகமாகவே வைத்துப் பார்த்து, பிறகு குறைப்பது நல்லது.

9. ஒலியைத் திரும்ப ஏற்றுங்கள்

முதலில் ரூம் டோன். அடுத்து சீனுக்குள்ளேயே இருக்கும் ஒலிகள்: குழம்பு கொதிப்பது, மேட்ச் கமென்ட்ரி, தட்டு நடுங்கும் சத்தம். எங்களுக்கு அந்தத் தட்டுச் சத்தமே போதுமாக இருந்தது. பின்னணி இசை போட்டே தீர வேண்டும் என்றால் பாத்திரத்தின் பயத்துக்குப் போடச் சொல்லுங்கள், ஜோக்குக்கு வேண்டாம். ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு 'டொய்ங்' வைத்துவிடுவார்.

10. முதல் 6 பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்

திரைக்கு முன்னால் உட்காராமல், பார்ப்பவர்கள் முகம் தெரியும்படி ஓரமாக உட்காருங்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு அறையின் ஒலியை ஃபோனில் பதிவு செய்து, பிறகு டைம்லைனுக்குக் கீழே ஒரு டிராக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஃப்ரேமில் மூச்சுவிட்டார்கள், எங்கே நாற்காலி நகர்ந்தது என்பது வரை தெரியும். உங்கள் டீம் ஆட்கள் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. தெரிந்த ஜோக்குக்கு அவர்கள் முந்திச் சிரித்து, விருந்தாளிகளையும் மரியாதைக்குச் சிரிக்க வைத்துவிடுவார்கள்.

முடிந்ததும் 'சிரிப்பு வந்துச்சா?' என்று கேட்காதீர்கள். மனசு நோகக் கூடாதென்று 'வந்துச்சு' என்றுதான் சொல்வார்கள். புரிந்ததைக் கேளுங்கள். ஓனர் எதுக்கு வந்தார்? பையன் ஏன் எலின்னு சொன்னான்? மாட்டினா என்ன ஆகும்? பதில் தடுமாறும் இடத்தில் 2-ஆவது படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எங்கள் சீனின் முடிவில், சட்டியைத் திறந்து பார்த்த ஓனர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, சமையலறைக் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, ஒரு தட்டு எடுப்பார். முதல் 6 பேர் அந்த இடத்தில் ஆச்சரியப்பட்டார்கள், சிரிக்கவில்லை. 'திடீர்னு ஏன் மாறிட்டார்?' என்று ஒருவர் கேட்டார். ரஷ்ஷில் தேடினோம். ஓனர் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுக்கும் 2 விநாடித் துண்டு ஒன்று கிடைத்தது. நாற்றம் என்று முகம் சுளிப்பதற்கு முன்னால் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏக்கம். அதைச் சேர்த்து, உளறலுக்குப் பின்னால் இருந்த 20 விநாடிப் பேச்சை எடுத்துவிட்டு, இரண்டாவது செட்டுக்குக் காட்டினோம். சீன் 2 நிமிடம் 50 விநாடியாகியிருந்தது. அவர் தாழ்ப்பாளில் கைவைத்தபோதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தட்டை எடுத்தபோது கமென்ட்ரிச் சத்தமே கேட்கவில்லை.